கிளீனரின் வாய்க்கூடை

எங்கள் ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஆட்டையாம்பட்டிக்கும் மலைக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது, அவ்வளவுதான். எந்த மலை என்று கேட்டால், நீங்கள் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்தப் பழக்கம் எனக்கு முத்தாயம்மாளிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

முத்தாயம்மாள் ஊருக்கு வெளியே, சோளக்காட்டுக்கு நடுவில் ஓர் ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். புருஷன் மாதேஸ்வரன் லாரி ஓட்டினார். மாரடைப்பில் போய்ச் சில வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. பக்கத்துக் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை. நான் அவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவேன். சொந்தம் ஒன்றும் கிடையாது, கூப்பிடாவிட்டால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிப்பார் என்பதால்.

உலகத்தில் அவர் நம்புகிற ஆள் யாரும் இல்லை. மளிகைக்கடைத் தராசை நம்ப மாட்டார். தராசு சரியாக இருந்தால் கடைக்காரரின் கட்டைவிரலைச் சந்தேகப்படுவார். போனில் யாராவது பேசினால், "என்ற நம்பரு உனக்கு யாரு குடுத்தா?" என்பதுதான் அவருடைய ஹலோ. வாசலில் கோலம் போட்டு ஒரு புள்ளியை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிடுவார். வேலைக்குப் போய்த் திரும்பும்போது அந்தப் புள்ளி விட்ட இடத்தில் யாருடைய கால் பட்டது என்று குனிந்து பார்ப்பார்.

வாசற்படியில் செத்துப்போன மாதேஸ்வரனின் செருப்பு ஜோடி எப்போதும் கிடக்கும். தினமும் காலையில் அதை இடம் மாற்றி வைப்பார். ஒரு நாள் நேராக, ஒரு நாள் ஒன்று கவிழ்ந்து, ஒரு நாள் ஈரத்தோடு. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு உள்ளே ஓர் ஆம்பிளை இருப்பது போலத் தெரிய வேண்டுமாம். ஒரு தடவை நான் அதில் இடதையும் வலதையும் மாற்றி வைத்துவிட்டு வந்தேன். அந்த வாரம் முழுக்க ஊரில் விசாரணை நடந்தது. என் பெயர் முதலிலேயே அடிபட்டது, ஆனால் சாட்சி கிடைக்கவில்லை.

இதற்கெல்லாம் மேலே காவலுக்கு ஒரு நாய். பெயர் கிளீனர். கறுத்த மூஞ்சியும் செவலை உடம்பும் கொண்ட பெரிய நாய். சங்ககிரியில் ஏதோ ஒரு லாரி பட்டறையிலிருந்து மாதேஸ்வரன் கொண்டு வந்தது. அவரோடு லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்து போய்ப் பழகியதால் அந்தப் பெயர். அது குரைத்தால் ஏர்ஹாரன் அடித்த மாதிரி இருக்கும். வீட்டைச் சுற்றிலும் முத்தாயம்மாள் கறிக்கடையிலிருந்து வாங்கி வந்து போட்ட எலும்புகள் கிடக்கும். அதைப் பார்த்தே பால்காரர் கேட்டுக்கு வெளியில் நின்று கூப்பிடுவார். நாயை வெளியே கூட்டி வந்தால், கன்றுக்குட்டிக்குப் போடுகிற வாய்க்கூடையை அதன் மூஞ்சியில் மாட்டிவிடுவார். "கடிச்சுப்போடும் சாமி, அக்கட்டால போ" என்று குழந்தைகளைத் துரத்துவார்.

எலும்புகளைப் பற்றி எனக்கு ஒரு சின்ன சந்தேகம் இருந்தது. எல்லாம் முழுசாக, வெயிலில் வெளுத்துக் கிடந்தன. ஒன்றிலாவது ஒரு கடி இல்லை. நாய்க்கு எலும்பு திகட்டிவிட்டதுபோல என்று அப்போது விட்டுவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் என் மாமா சண்முகவேலின் சேவல் காணாமல் போனது. கறிக்கு வளர்த்த சேவல் இல்லை, சண்டைக்கு விடுகிற கட்டுச்சேவல். பாதாம் ஊற வைத்துக் கொடுத்து, காலை நேரத்தில் குட்டையில் நீச்சல் அடிக்க விட்டு, அத்தையைவிட அதிகமாகக் கவனித்த சேவல். அதற்கு முன்னால் இரண்டு பெட்டைகளும் போயிருந்தன. மாமா தேடிக்கொண்டு போனதில், முத்தாயம்மாள் வீட்டு வாசலில் இறகு கிடந்தது.

"பண்ணைக்கோழி இறகு அது. சீலையில ஒட்டிக்கிட்டு வருது" என்றார் முத்தாயம்மாள்.

"உங்க நாய் களி மட்டுந்தான் திங்குதுன்னு நீங்களே சொல்றீங்க. இம்மாம் பெரிய நாய், மோருல கரைச்ச களியத் தின்னுட்டு எப்படீங்க உசுரோட இருக்கும்? வெளிய திங்குது. என்ற சாவலைத் திங்குது."

மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடிப் பேசியது. யாரும் பார்க்காத குற்றத்துக்கு எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. மலை மேலே ஒத்தைக்கல் முனியப்பன் முன்னால் எரிகிற சூடத்தை வெறுங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. சந்தேகத்துக்கு ஆளான உயிரும் சாமி முன்னால் நிற்க வேண்டும் என்பதால் நாயையும் கூட்டிப்போக வேண்டும் என்று முடிவானது. அமாவாசைக்குள் சத்தியம் செய்யாவிட்டால் நாயைப் பிடித்து எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம். எங்கே என்று முத்தாயம்மாள் கேட்டார். எல்லாரும் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்கள்.

மாமாவுக்குச் சேவல் போன துக்கத்தில் மூட்டு வலி கூடிவிட்டது. சாட்சிக்கு என்னை அனுப்பினார். நான் பத்தாவதில் கணக்கில் ஃபெயிலாகி, தறிப் பட்டறையில் நூல் சுற்றிக்கொண்டிருப்பவள். ஒரு நாள் லீவு கிடைத்தால் முனியப்பனென்ன, எமனையே பார்த்துவிட்டு வருவேன்.

"அம்மிணி, நல்லா கேட்டுக்க" என்றார் மாமா. "செருப்புக்குள்ள சொந்தக் காட்டு மண்ணைப் போட்டுக்கிட்டு 'இந்த மண்ணு சத்தியமா'ம்பாங்க. உள்ளங்கையில கத்தாழையப் பூசிக்கிட்டுச் சூடத்தை அணைப்பாங்க. பாதிச் சத்தியத்தை வாய்க்குள்ளயே முழுங்கிருவாங்க. எல்லாத்தையும் பாக்கோணும்."

"நாயவே மாத்திட்டாங்கன்னா மாமா?" விளையாட்டுக்குத்தான் கேட்டேன்.

மாமா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. உடனே செல்போனை எடுத்துக்கொண்டு போய், கிளீனரை நான்கு பக்கமும் நின்று படம் பிடித்தார். போதாததற்கு என்னிடமிருந்த சிவப்புத் தறி நூலை அதன் பின்னங்காலில் கட்டச் சொன்னார். முத்தாயம்மாள் நூலைப் பிடுங்கித் தானே கட்டினார்.

"எனக்கும் நல்லதுதான். வழியில இந்தப் புள்ள மாத்திட்டான்னா?"

மலைக்கு இப்போது அந்தப் பக்கமிருந்து ஜீப் போகிறது. நாயை ஏற்ற மாட்டேன் என்றார் டிரைவர். ஏற்றுகிறேன் என்று சொல்லியிருந்தாலும் முத்தாயம்மாள் ஏன் என்று கேட்டிருப்பார். அதனால் எங்கள் பக்கத்துப் பழைய நடைபாதையிலேயே ஏறினோம். வெளுக்கிற நேரத்தில் அடிவாரப் புளியமரத்தைத் தாண்டினோம். என்னை முன்னால் நடக்கச் சொன்னார். நாய் நடுவில். அவர் கடைசியில்.

"நீங்க முன்னால போங்க பெரியம்மா, உங்களுக்குத்தான் வழி தெரியும்."

"முதுகு காட்டறதுக்கா? நட."

பாதை என்று சொன்னால் தப்பு. மழைத்தண்ணீர் இறங்கி வந்த வழியில் மனுஷர்களும் ஏறிக்கொண்டிருந்தார்கள், அதுதான் பாதை. உருண்டைக் கல், அதற்கு மேலே உசிலை மரத்துச் சருகு, அதற்கு மேலே என் கால். நான் இரண்டு தடவை வழுக்கினேன். கிளீனர் ஒரு தடவைகூட வழுக்கவில்லை. திருப்பத்துக்குத் திருப்பம் நின்று, பின்னால் முத்தாயம்மாள் வருகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கல்லில் கால் வைத்தது. மேலே போகப் போக மூங்கில் வந்தது. கீழே எங்கள் ஊர், கோழிப்பண்ணைக் கூரைகளெல்லாம் தீப்பெட்டி போல, யாரோ அடுக்கி வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி கிடந்தது.

நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ஆட்டையாம்பட்டி முறுக்கை நீட்டினேன்.

"முதல்ல நீ தின்னு."

தின்றேன். கொஞ்ச நேரம் என் மூஞ்சியைப் பார்த்தார். நான் சாகாததில் அவருக்குத் திருப்தியா ஏமாற்றமா என்று தெரியவில்லை. முறுக்கை வாங்கி மடியில் கட்டிக்கொண்டார், தின்னவில்லை.

நானும் சும்மா வரவில்லை. அவருடைய செருப்பைக் கவனித்தேன், மண் இல்லை. கையைக் கவனித்தேன், கத்தாழை வாடை இல்லை. ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நாய் மூச்சு வாங்கி, நாக்கு கூடைக்கு வெளியே தொங்கியது. மனுஷ நடமாட்டமே இல்லாத காட்டில் எதற்கு வாய்க்கூடை? கழற்றிவிடலாமே என்றேன்.

"கடிச்சுப்போடும்."

"என்னைத்தானுங்களே கடிக்கும்? உங்களுக்கு நல்லதுதானே?"

அவர் கூடைக் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினார். எனக்கு உடனே பிடிபட்டது: அந்தக் கூடைக்குள் ஏதோ இருக்கிறது. தாயத்தோ, மருந்தோ, மாமா சொல்ல மறந்துபோன ஒரு தில்லுமுல்லோ.

பாதி மலையில் ஒரு சுனை வரும். பாறை இடுக்கில் தண்ணீர் கசிந்து ஒரு குழியில் தேங்கி நிற்கும். "நீ இங்கயே உக்காரு, நாயி தண்ணி குடிச்சுட்டு வரும்" என்று சொல்லிவிட்டு, முத்தாயம்மாள் நாயைப் பாறைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனார். தண்ணீர் குடிக்க நாய்க்கு என்ன மறைப்பு? செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பாறை மேல் ஊர்ந்தேன். சத்தமில்லாமல் ஊர்வதில் எனக்குப் பல வருஷப் பயிற்சி.

நான் எட்டிப் பார்ப்பதற்குள் குரங்குகள் வந்துவிட்டன. அவர் மடியிலிருந்த முறுக்கு அவற்றுக்கு எப்படித் தெரிந்ததோ. ஒரு தாட்டியான கடுவன் குரங்கு நேராக இறங்கி வந்து அவர் சேலையைப் பிடித்து இழுத்தது. கூடை கழற்றியிருந்த கிளீனர் பாய்ந்து வந்து, வாயை அகலத் திறந்து ஏர்ஹாரன் அடித்தது. மலையே எதிரொலித்தது. குரங்கு ஓட வேண்டுமா இல்லையா? ஓடவில்லை. நாயின் வாய்க்குள் நிதானமாகப் பார்த்தது. பிறகு அங்கேயே உட்கார்ந்து சொறிந்துகொண்டது.

குரங்கு பார்த்ததை மேலேயிருந்து நானும் பார்த்தேன். உள்ளே வெறும் ஈறு. முன்னால் ஒரு கோரைப்பல்கூட இல்லை. பக்கத்தில் தேய்ந்துபோன இரண்டு மூன்று கட்டைகள், அவ்வளவுதான்.

நான் கையிலிருந்த செருப்பை வீசினேன். குரங்கு செருப்பையும் எடுத்துக்கொண்டுதான் போனது. கீழே சிதறிய முறுக்கில் ஒரு துண்டைக் கிளீனர் கவ்வியது. கடிக்கவில்லை. தரையில் படுத்து, இரண்டு முன்னங்காலுக்கு நடுவில் வைத்து, குழந்தை மிட்டாய் சப்புவது போலச் சப்பிக்கொண்டே இருந்தது.

"பாத்துட்டியா?" என்றார் முத்தாயம்மாள், திரும்பாமலே.

"என்னத்தைங் பெரியம்மா?"

"நடிக்காத. பாத்துட்டே."

இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒற்றைச் செருப்போடு.

"அந்தப் பட்டறையில முழநீளச் சங்கிலியில கட்டி வெச்சிருந்தாங்களாம். வருசக்கணக்கா. சங்கிலியவே கடிச்சுக் கடிச்சுப் பல்லு பூராப் போச்சு. அவரு லோடு இறக்கப் போனவரு பாத்துப்போட்டு, அவுத்து லாரியில ஏத்திக்கிட்டு வந்துட்டாரு. கேட்டா, கிளீனர் லீவு, அதான் வேற ஆளுன்னாரு."

"இந்த வாயில சாவலைப் புடிக்க முடியாதுங்களே! அன்னைக்கே வாயத் திறந்து காட்டியிருந்தா முடிஞ்சிருக்குமே?"

"முடிஞ்சிருக்கும். நாயி பொழைச்சிருக்கும். நானு?"

எனக்குப் புரியவில்லை. அவர் கூடையின் கயிற்றை அவிழ்ப்பதும் முடிவதுமாக இருந்தார்.

"அவரு போன புதுசுல ரெண்டு தரம் ஒரு ஆளு கேட்டுக்கிட்ட வந்து இருமிட்டு நின்னான். இவன் போட்ட சத்தத்துல போயிட்டான். இன்னைக்கும் கோயில்ல பாத்தா அந்தாளு என்னப் பாத்துச் சிரிக்கறான். பல்லில்லாத நாயின்னு ஊருக்குள்ள தெரிஞ்சா, என்ற ஊட்டுக் கதவுக்குத் தாப்பா இல்லைன்னு தெரிஞ்ச மாதிரி."

யார் அந்த ஆள் என்று கேட்டேன். சொல்லவில்லை. நான் மனதுக்குள் ஊர் ஆம்பிளைகளை ஒவ்வொருவராக இருமவிட்டுப் பார்த்தேன். எல்லாரும் இருமினார்கள். அன்றிலிருந்து ஊரில் யார் இருமினாலும் திரும்பிப் பார்க்கிறேன்.

"நீ போயி உன்ற மாமங்கிட்டச் சொல்லுவே."

"சொல்ல மாட்டனுங்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று எழுந்து, நாய்க்குக் கூடையை மாட்டினார். பிறகு தன் செருப்பில் ஒன்றைக் கழற்றி என் வெறுங்காலுக்கு முன்னால் போட்டார். "போட்டுக்க. முள்ளு." மிச்ச மலையை ஆளுக்கு ஒன்றரைச் செருப்பு என்கிற கணக்கில், மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஏறினோம். அந்த வழியெல்லாம் அவர் என்னை நம்பினார் என்று நினைக்க வேண்டாம். செருப்பைத் திருடிவிடுவேனோ என்று இன்னும் நெருக்கமாக நடந்தார்.

முனியப்பன் கோயிலில் நான் எதிர்பார்க்காத ஆள் இருந்தார். எங்கள் ஊர் டீக்கடைப் பாலசுந்தரம் குடும்பத்தோடு ஜீப்பில் வந்து, கிடா வெட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார். பாலசுந்தரத்திடம் ஒன்றைச் சொன்னால் அது டீக்கு முன்னால் எல்லா மேஜைக்கும் போய்ச் சேரும்.

"வாங்க முத்தாயக்கா! சத்தியமா? இருங்க இருங்க, வீடியோ எடுத்துக்கறேன். ஊரு பாக்க வேண்டாமா?" என்று செல்போனைத் தூக்கிப் பிடித்தார்.

பூசாரி தீர்த்தகிரி மலை மேலேயே இருக்கிறவர். அமைதியான மனுஷர். தட்டில் சூடத்தை வைத்தார், நாயைப் பார்த்தார்.

"கட்டுன வாயோட சாமி முன்னால நிக்கக் கூடாதுங்கம்மா. கூடைய அவுருங்க."

"கடிச்சுப்போடுமுங்க" என்றார் முத்தாயம்மாள்.

"முனியப்பன் இருக்காரு, ஒண்ணும் ஆகாது. அவுருங்க."

பாலசுந்தரம் செல்போனோடு கிட்டத்தில் வந்து குனிந்தார். "அவுருங்கக்கா, மூஞ்சி தெரியட்டும்."

முத்தாயம்மாள் கூடைக் கயிற்றில் கை வைத்தார். அவிழ்த்தால் நாய் தப்பிக்கும், கேட்டருகே இருமல் திரும்பி வரும். அவிழ்க்காவிட்டால் சத்தியம் இல்லை, நாய் இல்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட உதவி கேட்கிற பார்வையாக இருந்திருக்காது.

"நான் அவுக்கறனுங்" என்று முன்னால் போனேன். போகிற வழியில் பூசாரித் தட்டிலிருந்து குங்குமத்தை ஒரு பிடி அள்ளினேன். தீர்த்தத்தில் விரலை நனைத்தேன். எல்லாருக்கும் முதுகைக் காட்டி மண்டிபோட்டு, கயிற்றைத் தொட்டும் தொடாமலும் இருந்து, அத்தைக்குப் பிரசவ வலி வந்தபோது கேட்ட சத்தத்தை அப்படியே எடுத்து விட்டேன்.

"ஐயோ! கடிச்சிருச்சு! கூடையோட கடிச்சிருச்சு!"

சிவந்த கையைத் தூக்கிக் காட்டினேன். அடுத்த நொடி கோயில் காலி. பாலசுந்தரத்தின் வீடியோவை நான் பிறகு பார்த்தேன். அதில் கொஞ்சம் வானமும், பொங்கல் பானையும், அவர் தன் பெண்டாட்டியைத் தள்ளிவிட்டு ஓடும் சத்தமும் மட்டும் இருக்கின்றன. கிளீனர் பயந்துபோய் வாலைச் சுருட்டிக்கொண்டு முத்தாயம்மாளின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தது. நல்லவேளை, அதைப் பார்க்க ஆளில்லை.

"சரிங்கம்மா, கூடை இருக்கட்டும்! சாமி ஒத்துக்கிட்டாரு!" என்றார் பூசாரி, மணிக்குப் பின்னாலிருந்து.

முத்தாயம்மாள் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு நின்றார். இரண்டு உள்ளங்கையையும் என் பக்கம் திருப்பி விரித்துக் காட்டினார். நான் சாட்சி அல்லவா?

"என்ற நாயி சண்முகவேலோட சாவலைத் தொடலை. தொட்டிருந்தா இந்தக் கை வெளங்காமப் போகட்டும்."

பாதியை விழுங்கவில்லை. ஓங்கி அடித்தார். சூடம் அணைந்தது. சந்தேகம் கலக்காத ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அது ஒன்றுதான்.

இறங்கும்போது மூங்கிலைத் தாண்டியதும் கேட்டார்.

"ஏன் பண்ணினே?"

"சும்மாங்."

"சும்மா யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. உனக்கு என்ன வேணும்?"

"ஒரு செருப்பு வேணுமுங்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் என் பாட்டிலை வாங்கி, வாயில் படாமல் தூக்கிக் குடித்தார். நான் முதலில் குடிக்கிறேனா என்று பார்க்கவில்லை.

மாமாவிடம் சத்தியம் நேராக நடந்தது என்று சொல்லிவிட்டுத் திருநீற்றைக் கொடுத்தேன். நெற்றியில் பூசிக்கொண்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இப்போது அவர் கீரியைச் சந்தேகப்படுகிறார், கீரி இல்லாத நாட்களில் பாலசுந்தரத்தை. ஆனால் எனக்கு முடியவில்லை. வீடியோவின் சத்தம் எனக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டது. "வால மிதிச்சது நாந்தான் மாமா, நாய் மேல தப்பில்லை" என்று எவ்வளவோ சொல்லியும், மாமா என்னை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"பல்லுத் தடமே காணோமே?" என்றார் நர்ஸ்.

"எனக்குத் தோலு கெட்டிங்க்கா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கூடவே ஊசியையும் போட்டார். மறுபடி மறுபடி வரச் சொன்னார், போனேன். கடிக்காத நாய்க்கு இத்தனை ஊசி போட்டுக்கொண்டவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போகட்டும். இப்போது அந்தப் பக்கம் பால்காரர் கேட்டுக்கு வெளியிலிருந்துகூடக் கூப்பிடுவதில்லை, ரோட்டிலிருந்து பெல் அடிக்கிறார்.

ஒரு குறை மட்டும் என்னை அரித்தது. அந்த எலும்புகள். நான் கவனித்ததை நாளைக்கு இன்னொருவன் கவனிக்க மாட்டானா? அந்த இருமல்காரனுக்கும் கண் இருக்கும் அல்லவா?

ஒரு நாள் முத்தாயம்மாள் பண்ணைக்குப் போன நேரத்தில், கோலத்தில் புள்ளி விட்ட இடத்தை மிதிக்காமல் உள்ளே போனேன். கிளீனர் குரைக்கவில்லை. ஒரு கல்லை எடுத்து எலும்புகளை ஒவ்வொன்றாக உடைத்தேன். சிலவற்றைப் பாதியில் சிதைத்து, சிலவற்றின் நுனியைப் பிய்த்து, பல் பட்டது போல அங்கங்கே கீறி வாசல் முழுக்க இறைத்துவிட்டு வந்தேன். கல்லால் செய்ததால் அவ்வளவு நேர்த்தி இல்லை. விரல் ஒன்று நசுங்கியதுதான் மிச்சம்.

சாயங்காலம் வேலிக்கு இந்தப் பக்கம் ஒளிந்திருந்து பார்த்தேன். முத்தாயம்மாள் வந்தார். கோலத்தைக் குனிந்து பார்த்தார். செருப்பைப் பார்த்தார். ஓர் எலும்புத் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாயின் வாயைத் திறந்து பார்த்தார். பிறகு எழுந்து நின்று, வேலி ஓரம் நெடுக ஒரு சுற்று கண்ணை ஓட்டினார். நான் இன்னும் தாழக் குனிந்துகொண்டேன். விசாரணை வரும் என்று காத்திருந்தேன். ஒரு வாரம் ஆகியும் வரவில்லை.

அடுத்த வாரம் புது எலும்புகள் வந்திருந்தன. எல்லாம் ஒரே இடத்தில் குவித்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் மாதேஸ்வரனின் லாரிச் சுத்தியல்.